அன்னம்மாவுக்கு ஒத்தடம்

"நாலு சட்டை" என்றாள் பவுலினா மாமி. மீன் வெட்டிய கையைக் கழுவாமலே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியும் காட்டினாள். "உன்ட மாமாவுக்கு ஒண்டு, றொபின்சனுக்கு ஒண்டு, நிக்கொலசுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு."

மெரினா தலையாட்டினாள். மாமியின் பெருவிரல் மட்டும் மடங்காமல் தனியே நின்றது. அதைப் பார்க்காதவள் போல, "என்ன நிறம் மாமி?" என்று கேட்டாள்.

"அன்னம்மாட முக்காட்டு நிறம். பச்சை."

அந்த வீட்டில் மொத்தம் ஐந்து பேர். மாமி, மாமியின் புருஷன் மரியநாயகம், மூத்த மகன் றொபின்சன், இளையவன் நிக்கொலஸ், றொபின்சனைக் கட்டிக்கொண்டு சிலாபத்திலிருந்து வந்த மெரினா. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏன் நாலு சட்டை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கந்தக்குழிக் கரையில் பாதி ஊர் நின்று பார்த்த விஷயம்தானே அது.

சோழகக் காற்று கண்மண் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். கடலுக்குப் போன றொபின்சன் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. தேடிப்போன போட்டுகள் வெறுங்கையோடு திரும்பி வந்தன. அப்போதுதான் மாமி மணலில் முழங்காலில் விழுந்து, புனித அன்னம்மாவின் கோயில் இருக்கிற தலவிலப் பக்கம் திரும்பி, கை இரண்டையும் விரித்துக் கத்தினாள். "அன்னம்மா தாயே, என்ட பிள்ளையத் திருப்பித் தா! நானும் என்ட மனிசனும் என்ட ரெண்டு பிள்ளையளும் உன்ன நெஞ்சில சுமந்துகொண்டு உன்ட வாசலுக்கு நடந்து வாறம்!"

கைக்கெட்டும் தூரத்தில் மெரினா நின்றாள். மாமி திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அன்னம்மாவுக்கு ஆள் மாறிவிடக்கூடாது என்பது போல, நாலு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகத் திரும்பவும் உரத்துச் சொன்னாள்.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மெரினா வீட்டிலிருந்தே டீசேர்ட்டில் படம் ஒட்டிக் கொடுக்கிறவள். பிறந்தநாள் பிள்ளையின் படம், கிரிக்கெட் கழகத்தின் பெயர், கலியாண வீட்டு மாப்பிள்ளைத் தோழர்களுக்குப் பகிடி வசனம் என்று யார் எதைக் கேட்டாலும் செய்வாள். படத்தைப் பிரிண்டரில் தனித் தாளொன்றில் எடுத்து, அந்தத் தாளைச் சட்டையில் வைத்து அயன் பெட்டியால் அழுத்தினால் படம் துணியோடு ஒட்டிக்கொள்ளும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டு ஹோலில் ஒழுங்காக வேலை செய்கிற பிளக் ஒன்றே ஒன்றுதான். றொபின்சன் கடலுக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் தன் போனை அதில் சார்ஜுக்குப் போட்டிருந்தான். முந்தல் ஊரில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு அவசரச் சட்டைகள் முடிக்க வேண்டும் என்று மெரினா அதைக் கழற்றிவிட்டுப் பிரிண்டரைக் குத்தினாள். வேலை முடிந்து போனைத் திரும்பக் குத்த மறந்தேபோனாள். காலையில் அதற்காக இரண்டு பேருக்கும் வாய்த்தர்க்கம். அவன் சாப்பிடாமல், செத்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். போனவனின் இஞ்சின் நடுக்கடலில் நின்றது.

அவன் திரும்பி வந்த கதையையும் சொல்ல வேண்டும். காற்றோடு இழுபட்டுக் கிடந்தவனைப் பெரிய போட்டொன்று கண்டு, கயிறு போட்டு இழுத்து வந்து கரை சேர்த்தது. உப்பும் வெயிலும் குடித்து முகம் வீங்கி, உதடு வெடித்து, அடையாளம் தெரியாமல்தான் வந்தான்.

உடம்பு தேறிய பிறகு அவன் தாயிடம் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தான். "அம்மா, அந்தத் தூரத்துல சிக்னல் எங்க? போன் நிறையச் சார்ஜ் இருந்திருந்தாலும் நான் பாட்டுத்தான் கேட்டிருப்பன்."

"பாட்டாவது கேட்டிருப்பாய் தானே" என்றாள் மாமி.

மரியநாயகம் மாமாவும் தன் பங்குக்குச் சொன்னார். "பவுலி, பொடியன இழுத்து வந்தது எந்த ஊர்ப் போட்டு எண்டு யோசிச்சியா? சிலாபம். உன்ட மருமகளிட ஊர்."

"அது அன்னம்மா அனுப்பின போட்டு. அவ எந்த ஊரிலயிருந்தும் அனுப்புவா" என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நெஞ்சில் சுமப்பது என்று மாமி அன்றைக்கு மனதில் வைத்தது கழுத்தில் போடுகிற சின்னச் சுரூபத்தைத்தான். ஆவணித் திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாக ஒரே சட்டை போட்டு நடந்து வருகிறார்களே, நாங்களும் அப்படிப் போவோம் என்று கதையைத் தொடங்கியவன் நிக்கொலஸ். "மச்சாளிட மிசின் சும்மா தானே கிடக்குது. அன்னம்மாட படத்தப் பெரிசா நெஞ்சிலயே போடலாம்" என்றான். எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். பிரிண்டரைக் கண்டாலே விளக்குமாற்றைத் தேடுகிறவள், மீன் வெட்டப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் இந்த "நாலு சட்டை" வந்தது. கடலிலிருந்து மகன் வந்த நாள் முதல் மாமி மெரினாவிடம் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அதுதான்.

"நான் அம்மாட்டக் கதைக்கிறன். உனக்கும் ஒண்டு போடு" என்றான் றொபின்சன் தனியே.

"ஒண்டும் கதைக்க வேணாம்" என்றாள் மெரினா. "கேட்டு வாங்கிற சட்டை எனக்கு வேணாம்."

சொன்னது அப்படி. ஆனால் பாலாவிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, றம்ஸியாவின் உடுப்புக்கடையில் பச்சைச் சட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தபோது, அவள் கை நாலோடு நிற்கவில்லை.

"நாலு பேருக்கெண்டு தானே சொன்னீங்க?" என்று கேட்டாள் றம்ஸியா, கண்ணாடிக்கு மேலால் பார்த்து. "மாமாவுக்கு எக்ஸெல், மாப்பிள்ளைக்கு லார்ஜ், கொழுந்தனுக்கும் லார்ஜ், மாமிக்கு டபுள் எக்ஸெல். இந்த மீடியம் ஆருக்கு?"

"கூடுதலா ஒண்டு கிடக்கட்டும் ராத்தா. பழுதானா மாத்த."

"பழுதானா மீடியத்த உங்கட மாமிக்குப் போடுவீங்களோ? கழுத்துலயே நிண்டுடும்!" றம்ஸியா சிரித்தாள். மெரினாவும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண் கலங்கியது. றம்ஸியா அதைக் கண்டும் காணாதவள் போல ஐந்தையும் பொதி செய்து கொடுத்தாள்.

புதுச் சட்டையில் ஆலையில் போட்ட கஞ்சிப் பசை இருக்கும். கழுவாமல் ஒட்டினால் படம் பிடிக்காது. மெரினா ஐந்தையும் கழுவினாள். நாலைக் கொடியில் வரிசையாகப் போட்டாள். ஐந்தாவதைப் போட்டு, அதற்கு மேலே படுக்கை விரிப்பொன்றை விரித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மாமி வந்து, தன் பாட்டுக்கு விரிப்பின் ஓரத்தைத் தொட்டுக் காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போனாள். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற மெரினா, மாமி போன பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள். காய்ந்ததும் மீடியம் சட்டையை மெரினா அலுமாரியின் அடித்தட்டில், தன் கலியாணச் சேலைக்குக் கீழே வைத்தாள்.

படம் வேறெங்கும் தேட மாமி விடவில்லை. "போனுல வாற அன்னம்மா எனக்கு வேணாம். எங்கட வீட்டு அன்னம்மா தான் வேணும்" என்று சுவரில் தொங்கிய படத்தை இறக்கி, முந்தானையால் துடைத்து, கட்டிலில் படுக்க வைத்தாள். பச்சை முக்காடு போட்ட அன்னம்மா, மடியில் புத்தகத்தை விரித்துத் தன் மகளான சின்னஞ்சிறு மாதாவுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் படம். மெரினா கதிரையில் ஏறி நின்று அதைப் போனால் படம் பிடித்தாள். மங்கிப்போன நிறத்தைக் கொஞ்சம் கூட்டினாள். ஒரு பெட்டி தாளில் ஐந்து தாள். ஐந்திலும் அன்னம்மா அச்சொட்டாக வந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் அயன் வேலை தொடங்கியது. அயன் பலகை இதற்கு உதவாது; அது அமுங்கும். மெரினா சாப்பாட்டு மேசையில் பழைய துணியை மடித்து விரித்து, அதில் றொபின்சனின் சட்டையைப் போட்டு, ஈரப்பிடிப்புப் போவதற்கு முதலில் வெறுமையாகவே ஒருதரம் தேய்த்தாள். அவளுடைய அயன் பெட்டி தண்ணீர் ஊற்றாத பழைய காலத்துப் பாரமான சாமான். ஆவி வருகிற புதுப் பெட்டிகள் இந்த வேலையைக் கெடுத்துவிடும்.

மாமி செபமாலையோடு வந்து, கதிரையை இழுத்துப்போட்டு, மேசைக்கு நேரே உட்கார்ந்தாள். காவல் போட்டது போல.

மெரினா தாளின் பின்பக்கத்தை உரித்தாள். கடும் நிறத் துணிக்கென்றே வருகிற தாள் அது. படம் மேலே பார்த்தபடி கிடக்கும். நெஞ்சுப் பக்கத்தில் நடுப் பார்த்து வைத்து, அதற்கு மேலே கேக் தட்டுக்குப் போடுகிற ஒயில் பேப்பரை விரித்தாள். மெல்லிய பேப்பருக்கு அடியில் அன்னம்மாவின் முகம், பனிக்குள்ளால் பார்ப்பது போல, இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மெரினா அயன் பெட்டியைத் தூக்கினாள்.

"என்ன செய்யப் போறாய்?" மாமி எழும்பிவிட்டாள்.

"அமத்தப் போறன் மாமி."

"முகத்துலயா? நெருப்பாக் கொதிக்கிற பெட்டிய அன்னம்மாட முகத்துலயா வைக்கப் போறாய்?"

"வைக்காட்டி எப்பிடி மாமி ஒட்டுறது?"

"சுத்தி வை. கரையில வை. முகத்துல வைக்காத. சொல்லிப்போட்டன்."

மெரினா எத்தனையோ முகங்களில் பெட்டியை வைத்தவள். முதல் பிறந்தநாள் குழந்தைகளின் கன்னத்தில் வைத்திருக்கிறாள். மணவறையில் சிரிக்கும் பொம்பிளை மாப்பிள்ளையின் மேல் முழு உடம்புப் பாரத்தையும் போட்டு அழுத்தியிருக்கிறாள். ஒருநாளும் ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது மாமி சொன்னதும் அவள் கையும் தயங்கியது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மெழுகுதிரி கொளுத்தி வைக்கிற முகம். றொபின்சன் வராமல் இருந்த நாட்களில், யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளும் அந்த முகத்தின் முன்னால்தான் போய் நின்றாள். அதன்மேல் எப்படி?

அதனால் அவள் ஓரங்களை அழுத்தினாள். புத்தகத்தை அழுத்தினாள். சின்ன மாதாவின் மேலும், "பிள்ளை, கொஞ்சம் பொறு" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சுமாராக அழுத்தினாள். அன்னம்மாவின் முகத்துக்கு வந்தபோது பெட்டியைத் தூக்கிப் பிடித்து, தடவுகிற மாதிரி ஒரே இழுப்பில் கடந்துபோனாள்.

ஆறியதும் பேப்பரை எடுத்தாள். பச்சைச் சட்டையில் அன்னம்மா அப்படியே உயிரோடு உட்கார்ந்திருந்தாள். மாமியின் வாயிலிருந்து "ஆ..." என்று ஒரு சத்தம் வந்தது. மருமகளின் வேலையைப் பார்த்து அந்தச் சத்தம் வந்தது அதுதான் முதல் தடவை.

"றொபின்சன்! இஞ்ச வா, போட்டுப் பாரு!"

றொபின்சன் வந்து போட்டான். கையைத் தூக்கி, நெஞ்சை விரித்து, "எப்பிடி?" என்று திரும்பினான். துணி இழுபட்டது. சின்னதாக ஒரு சத்தம், மீன் செதிலைக் கத்தி தூக்குவது போல. அன்னம்மாவின் நெற்றி கிளம்பியது. பிறகு கண், மூக்கு. முகம் முழுவதும் துணியை விட்டுக் கழன்று, நாடியில் மட்டும் பிடித்தபடி முன்னுக்குத் தொங்கியது. முகம் இருந்த இடத்தில் வெறும் பச்சை. புத்தகமும் சின்ன மாதாவும் அசையாமல் இருந்தார்கள்.

"அசையாத" என்றாள் மெரினா மெதுவாக. றொபின்சன் சுவாமி தூக்கி நிற்பவன் போல அசையாமல் நின்றான். அவள் சட்டையைப் பத்திரமாகக் கழற்றி மேசையில் விரித்தாள்.

மாமி கதிரையில் விழுந்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "போச்சு. அன்னம்மா முகத்த எடுத்துட்டா. எங்களப் பாக்க மாட்டனெண்டு எடுத்துட்டா."

"அம்மா, அது..." என்று றொபின்சன் தொடங்கினான்.

"நீ சும்மா இரு! எனக்குத் தெரியும் ஏனெண்டு." மாமி மெரினாவின் கையைப் பிடித்தாள். "உன்ன விட்டுட்டு வேண்டினன். பக்கத்துல நிண்டவள விட்டுட்டு நாலு பேருக்கு நேர்த்திக்கடன் வச்சன். அன்னம்மா பாத்துக்கொண்டு தானே இருந்திருப்பா. உனக்கும் ஒண்டு செய். கெதியாச் செய். அவ மனம் மாறட்டும்."

இத்தனை நாளும் மெரினா எதற்குக் காத்துக்கொண்டிருந்தாளோ அது வந்துவிட்டது. கேட்காமல் வந்தது. தலையை ஆட்டினால் போதும். அலுமாரியைத் திறந்தால் போதும். அன்னம்மாவே தன் பக்கம் நின்று நியாயம் கேட்டதாக ஊரெல்லாம் கதை பரவும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் அவளை ஒரு சொல் சொல்வார்கள்?

ஆனால் மாமியின் கை அவள் கையை இன்னும் விடவில்லை. கடற்கரை மணலில் தலவிலப் பக்கம் விரிந்த அதே கை. அன்னம்மா தன்னிடமிருந்து பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று பயந்து இறுக்கிப் பிடிக்கிற கை. இந்தப் பயத்திலிருந்து பிறக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு தலவில வரை நடப்பதா? நடந்தால், மாமி அவளைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் இந்தத் தொங்கிய முகம்தானே ஞாபகம் வரும்?

"மாமி" என்றாள் மெரினா. "அது அன்னம்மா இல்ல. அயன் பெட்டி."

மாமி நிமிர்ந்து பார்த்தாள்.

"முகத்துல சூடு போகல்ல. நீங்க வைக்க வேணாமெண்டீங்க. எனக்கும் கை வரல்ல. சும்மா தடவிவிட்டன். அவ்வளவுதான் காரணம். நான் உண்மையாச் சொல்றன். இந்தக் கரையப் பாருங்க, இது நான் நல்லா அமத்தின இடம். உங்கட நகத்தால கிண்டிப் பாருங்க."

மாமி குனிந்து புத்தகத்தின் மூலையை நகத்தால் கிண்டினாள். வரவில்லை. பலமாகக் கிண்டினாள். நகம்தான் வலித்தது. சின்ன மாதாவின் காலடியைக் கிண்டப் போனவள், "மன்னிச்சுக்கொள் தாயே" என்று சொல்லி விட்டுவிட்டாள்.

"அப்ப அவ கோவிக்கல்லயா?"

"கோவிக்கல்ல மாமி."

"நிச்சயமா?"

"நிச்சயம். முந்தி ஒருக்கா முந்தல் பொடியன் ஒருத்தன்ட பூனைப் படமும் இப்பிடித்தான் கழண்டது. அதுக்கு நான் என்ன பாவம் செஞ்சன்?"

மரியநாயகம் மாமா அறைக்குள்ளிருந்து இருமுகிற சாட்டில் சிரித்தார். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நீண்ட மூச்சு ஒன்று விட்டாள். பயம் இறங்குவது தோள்களில் தெரிந்தது. ஐந்தாவது சட்டையைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மெரினா காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு, அயன் பெட்டியைத் திரும்பவும் சூடாக்கினாள். உண்மையைச் சொன்னால் அந்தச் சட்டை இல்லாமல் போகும் என்று தெரிந்துதானே சொன்னாள்?

சரி, இனி யார் முகத்தில் பெட்டியை வைப்பது?

"நான் வைக்கிறன்" என்றான் றொபின்சன்.

"உன்னக் காப்பாத்திக் கொண்டு வந்தவட முகத்துலயே நீ சூடு வைப்பியா?" என்றாள் மாமி.

நிக்கொலஸ் வாசலால் எட்டிப் பார்த்தவன், நிலைமையைக் கண்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாமா அறைக்குள்ளிருந்தே, "எனக்கு என்ட சாரத்தையே அயன் பண்ணத் தெரியாது, சுவாமிப் படத்தில எனக்கென்ன வேலை?" என்று அறிவித்தார்.

மெரினா தொங்கிய முகத்தை விரல் நுனியால் அதன் இடத்தில் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தை நீவிவிட்டபோது வேறொரு கன்னம் ஞாபகத்துக்கு வந்தது. கரைக்கு வந்த றொபின்சனின் வீங்கிய முகம். மாமி நொச்சியிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஆவி பறக்கப் பறக்க அந்த முகத்தில் வைத்து அழுத்தினாளே! அவன் வீடே அதிரக் கத்தினான். மாமி விடவில்லையே.

"மாமி, இவர் வந்தண்டைக்கு முகத்துல சுடச்சுடத் துணி வச்சீங்க. ஞாபகமா?"

"வைக்காட்டி வீக்கம் வத்துமா?"

"கத்தக் கத்த வச்சீங்க."

"இந்தா நிக்கிறான், கேளு. தோல் உரியிற மாதிரி இருந்துது எண்டான். சூடு உள்ளுக்குப் போனாத்தான் நோவு போகும். அது ஒத்தடம். அதுவும் இதுவும் ஒண்டா?"

"ஏன் ஒண்டில்ல?" என்றாள் மெரினா. "அன்னம்மாவும் வயசு போன மனிசி தானே மாமி. பிள்ள இல்லாம இருந்து இருந்து, கடைசிக் காலத்துல தானே மாதாவப் பெத்தா. இடுப்பு நோகாதா அவக்கு? அதோட வருஷம் முழுக்கத் தலவிலக் கடற்கரையில, அந்த உப்புக் காத்துல நிக்கிறா. திருவிழாவுக்கு வாறவங்க எல்லாம் அதத் தா, இதத் தா எண்டு கேக்கிறாங்க. ஆராவது ஒருத்தர் அவக்கு ஒத்தடம் குடுத்திருப்பாங்களா?"

மாமி மேசையில் சுருங்கிக் கிடந்த முகத்தைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த படத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"பெட்டியத் தா."

மெரினா திரும்ப விரித்த ஒயில் பேப்பருக்கு மேலால் மாமி குனிந்து அன்னம்மாவை ஒருதரம் முத்தமிட்டாள். "அம்மா, ஒத்தடம். கொஞ்சம் சுடும், பொறுத்துக்கொள்" என்று சொல்லி, பெட்டியை முகத்தில் வைத்து, குதிக்கால் நிலத்தை விட்டுக் கிளம்பும் அளவுக்கு உடம்புப் பாரம் முழுவதையும் அதில் போட்டாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் மாமி. இப்ப பக்கத்துக்கு நகத்துங்க. இழுக்காதீங்க, தூக்கி வையுங்க."

"இப்ப இடுப்பு. இந்தா அம்மா, இடுப்புக்கும். முழங்கால் எங்க இரிக்குது? புத்தகத்துக்குக் கீழயா? அதுக்கும் ஒண்டு."

பேப்பரை எடுத்தபோது முகம் பிடித்திருந்தது. ஒருமுறை கழன்ற முகம் அல்லவா, நெற்றியிலும் கண்ணோரத்திலும் மெல்லிய சுருக்கங்கள் விழுந்திருந்தன. மெரினா இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"எனக்கு மட்டும் அன்னம்மா கிழவியா?" என்றான் றொபின்சன்.

"உன்னத் தேடி அலஞ்சதுல விழுந்த சுருக்கம் அது" என்றாள் மாமி. "வாய மூடிக்கொண்டு போடு."

அதற்குப் பிறகு மாமியை நிறுத்த முடியவில்லை. மாமாவின் சட்டை, நிக்கொலசின் சட்டை, தன் சட்டை. ஒவ்வொன்றிலும் அன்னம்மாவோடு ஒரு கதை. எந்த மூட்டில் நோகிறது, நொச்சியிலை நல்லதா வேப்பெண்ணெய் நல்லதா, மழைக்கு முன்னால் கால் இழுக்கிறதா. மெரினா தாளை உரிப்பாள், நேர் பார்ப்பாள், பேப்பர் விரிப்பாள். மாமி அழுத்துவாள். இரண்டு பேரின் கையும் ஒரே மேசையில் அப்படி ஓடியதை மாமா வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார்.

நாலும் முடிந்தது. நாலு அன்னம்மாவும் கட்டிலில் வரிசையாகக் கிடந்தார்கள். மேசையில் ஒரு தாள் மிச்சம். மெரினா அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அயன் பெட்டியின் பிளக்கில் கை வைத்தாள்.

"ஏன் கழட்டுறாய்?"

"நாலும் முடிஞ்சுது மாமி."

"மற்றதக் கொண்டு வா."

"எது மற்றது?"

"பெட்சீட்டுக்குக் கீழ காயப் போட்டியே, அது. காஞ்சிட்டுதா எண்டு தொட்டுப் பாத்தது பெட்சீட்டயா எண்டு நினைச்சாய்? நான் என்ன குருடியா?"

மெரினா பிளக்கிலிருந்து கையை எடுத்தாள். "நேர்த்திக்கடன் நாலு பேருக்கெண்டு தானே மாமி வச்சீங்க. ஊரே கேட்டது."

"நாலு எண்டு சொல்லிப்போட்டு மூண்டு பேர் போனாத்தான் குத்தம். அஞ்சு பேர் போனா, ஏன் கூட வந்தியள் எண்டு வாசல்ல வச்சுக் கலைப்பாவா?"

"முகம் கழண்ட பயத்துலயா மாமி சொல்றீங்க?"

மாமி அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மருமகளை நேருக்கு நேர் பார்த்தாள். "பயத்த நீதானே போக்கினாய். நீ வாய மூடிக்கொண்டு இருந்திருந்தா இண்டைக்கு நான் உன்னக் கும்பிட்டிருப்பன். அது எனக்குத் தெரியாதா? போ, சட்டையக் கொண்டு வா. பெட்டி ஆறுது."

கலியாணச் சேலைக்கு அடியிலிருந்து சட்டையை எடுக்கப் போனவள் திரும்பி வரக் கொஞ்சம் நேரமெடுத்தது. முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். மாமி சட்டையை வாங்கி விரித்து, "இவ்வளவு சின்னனா? சிலாபத்துல சோறு போடாமலா வளத்தாங்க?" என்றாள். பிறகு அதில்தான் எல்லாவற்றையும் விட அதிக நேரம் அழுத்தினாள். இந்தத் தடவை அன்னம்மாவோடு கதைக்கவில்லை. வாய்க்குள் ஏதோ சொன்னாள். அது மெரினாவுக்குக் கேட்கவில்லை, கேட்கவும் அவள் முயலவில்லை.

வேலை முடிந்ததும் மெரினா அயன் பெட்டியின் பிளக்கைக் கழற்றினாள். பழக்க தோஷத்தில் கை பிரிண்டரின் வயரைத் தேடிப் போனது. திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது.

"அத விடு" என்றாள் மாமி.

மெரினாவின் கை நின்றது.

மாமி யன்னல் தட்டில் கிடந்த றொபின்சனின் போனை எடுத்து, வயரோடு அவளிடம் நீட்டினாள். "முதல்ல இதக் குத்து. நாளைக்குத் தலவில வரைக்கும் நடக்கவேணும். வழியில பாட்டாவது கேப்பம்."